மேடைக்கு வெளியே ஒரு கல்யாணம்

ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் படம் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தாலி கட்டிய மறுநாளோ மறுவாரமோ ஜோடியாக ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம். மாப்பிள்ளை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பெண் நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்தபடி நிற்பாள். இருவருக்கும் பின்னால் திரையில் தீட்டிய ஒரு சீமைத் தோட்டம்: வளைந்து இறங்கும் படிக்கட்டு, குட்டைத் தூண்கள் வரிசை பிடித்த கைப்பிடிச் சுவர், ஒரு பூ ஜாடி, தூரத்தில் மங்கலாக மரங்கள். கும்பகோணத்திலும் யாழ்ப்பாணத்திலும் பெங்களூர் கன்டோன்மென்டிலும் ஏறக்குறைய இதே தோட்டம்தான். படம் எடுத்துக்கொண்டவர்களில் யாரும் அந்தப் படிக்கட்டில் இறங்கியதில்லை.

பெங்களூரில் இன்றைக்கு அந்தத் திரைக்குள்ளேயே போய்க் கல்யாணம் செய்யலாம். பெங்களூர் அரண்மனை முதலில் அரண்மனையாகக் கட்டப்பட்டதல்ல. சென்ட்ரல் ஹைஸ்கூலின் (பிற்பாடு சென்ட்ரல் காலேஜ்) முதல் முதல்வராக இருந்த பாதிரியார் காரெட் 1862 வாக்கில் கட்ட ஆரம்பித்த இடம் அது. சாமராஜேந்திர உடையார் சிறுபிள்ளையாக இருந்தபோது, 1873-இல், அவருடைய ஆங்கிலேயக் காப்பாளர்கள் மைசூர் அரச குடும்பத்துக்காக அதை வாங்கினார்கள். 1878-க்குள் ட்யூடர் பாணிக் கோபுரங்களும், வெட்டு வெட்டான மதில் முடிகளும், கூர்வளைவு ஜன்னல்களும் எழுந்துவிட்டன. தோட்டத்தை வகுத்தவர் லால்பாக்கின் ஜான் கேமரன். விண்ட்சர் கோட்டையைப் பார்த்துக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் கோட்டையின் கம்பீரத்தைவிட, வசதியான ஓர் ஆங்கிலேய நாட்டுப்புறப் பண்ணையாரின் பெரிய வீட்டுக் களைதான் தெரிகிறது. இது தவிர 1887-இல் தொடங்கிய வெஸ்ட் எண்ட் ஹோட்டல், ஒயிட்ஃபீல்டில் மிச்சமிருக்கும் ஆங்கிலோ இந்தியர் வீடுகள், ஜன்னலுக்கும் வாசலுக்கும் மேலே கூம்பிய மரத் தட்டிகள் வைத்த கன்டோன்மென்ட் பங்களாக்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தத் தட்டிக்கு ஊரில் மங்கி டாப் என்று பெயர். அரண்மனை மைதானத்தில் முகூர்த்த நாளன்று ஒரே நேரத்தில் எத்தனையோ கல்யாணங்கள் நடக்கும். அவற்றில் பெரும்பாலானவை பந்தல் கல்யாணங்கள். வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் நடக்கிற, இருநூறு பேருக்கு மிகாத, அவசரமில்லாத கல்யாணங்கள் தனி ரகம். அவற்றை எடுக்கும் படக்கலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தெரிந்தவர்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கம் வரை பார்க்காமல் நான் கீழே வைப்பதில்லை. அப்படிப் பார்த்ததில், சீமை வீட்டுக் கல்யாணப் படங்களில் பாதிக்கு மேல் பழைய ஸ்டுடியோ திரையின் வாரிசுகள்தான் என்று சொல்வேன். கோபுரம் முழுசாகத் தெரிய வேண்டுமென்று ஜோடியை நூறடி தள்ளி நிறுத்துகிறார்கள். புல்வெளியில் கைகோத்து நடக்கச் சொல்கிறார்கள். மேலிருந்து ட்ரோன் ஒன்று எடுக்கிறது. வீடு பிரமாதமாகத் தெரியும். கல்யாணம் எங்கே என்று தேட வேண்டும். கான்வாஸில் இருந்தது இப்போது கருங்கல்லாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வகைப் படங்கள் உண்டு, குறைவாக. அவற்றில் வீடு வீடாகவே இருக்கும். வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, சாய்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, ஒருவரையொருவர் கேலி செய்து ஒரு பகல் முழுக்கக் குடியிருந்திருப்பார்கள். இந்த இரண்டாம் வகை எப்படிச் சாத்தியமாகிறது என்று யோசித்தால், கேமராவுக்கு முன்னால் வீட்டின் அமைப்பு வந்து நிற்கிறது.

கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேடை ஒன்று. மேடையைப் பார்த்த நாற்காலிகள். கீழே சாப்பாட்டுக் கூடம். மேடையில் இருப்பவர்களுக்குப் பார்க்கப்படுவது வேலை, நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பார்ப்பது வேலை. பந்தியில் இருப்பவர் பாயசத்தைக் குடித்து எழுந்தாக வேண்டும், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது. சும்மா இருப்பதற்கு அங்கே இடமே கிடையாது. பெரிய பங்களாவில் அப்படி இல்லை. வண்டி வந்து நிற்கும் போர்ட்டிகோ, அகலமான வராந்தா, மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன தளம், சுவரின் கனத்துக்குள்ளேயே உட்கார வசதியான ஜன்னல், பின்கட்டுக்குப் போகும் நடை. இவற்றுக்கெல்லாம் கல்யாணச் சடங்கில் எந்த வேலையும் இல்லை. வேலையில்லாத இடத்தில்தான் மனுஷர்களின் தோள் இறங்குகிறது. அங்கேதான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

இது ஆங்கிலேயர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமல்ல. பெங்களூர் அரண்மனையின் கீழ்த்தளத்தில் திறந்த முற்றம் ஒன்று இருக்கிறது. அதில் நீல ஓடு பதித்த கருங்கல் இருக்கைகள். அதைப் பார்த்ததுமே காரைக்குடிப் பக்கத்து வளவு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகளே விசேஷங்களை மனதில் வைத்துக் கட்டியவைதாம். முகப்புத் திண்ணையில் ஆண்கள், வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் பெண்கள், இரண்டாம் கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் சமையல். ஒரு கல்யாணத்தை ஒரே மேடையில் குவிக்காமல் வீடு முழுக்கப் பரப்பி வைக்கிற அமைப்பு அது. மண்டபம் வந்து அதைச் சுருக்கிவிட்டது. பெங்களூரில் பங்களா கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சீமைக்குப் போவதாக நினைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்துத் திண்ணைக்குத்தான் திரும்பிப் போகிறார்கள்.

ஆகவே நல்ல படக்காரர் முதலில் படிப்பது வீட்டை. முதல் நாளே வந்து சுற்றிப் பார்ப்பார். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, பெண்ணை அலங்கரிக்கும் அறைக்கு வெளிச்சம் எந்தப் பக்கம், அங்கிருந்து மணவறைக்கு எந்த வழியாக அழைத்து வருவார்கள் என்று பார்த்து வைப்பார். அது எல்லோரும் செய்வதுதான். கெட்டிக்காரர்கள் இன்னும் சிலவற்றைப் பார்ப்பார்கள். முட்டிவலிக்காரப் பெரியவர்கள் படியேறாமல் எங்கே உட்காருவார்கள்? காபி எங்கே கிடைக்கும்? சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட எந்தத் தூண் வாகாக இருக்கும்? மாப்பிள்ளையின் காலேஜ் சிநேகிதர்கள் எந்த மரத்தடியில் கூடுவார்கள்? கல்யாணத்தில் சிரிப்பு பிறக்கிற இடங்களின் வரைபடம் இதுதான். மறுநாள் அந்த இடங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாலே போதும்.

போன தை மாதம் ஒரு வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்தேன். பெண் தமிழ், மாப்பிள்ளை கன்னடம். பெங்களூரில் இது சர்வசாதாரணம். நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றைத் தாண்டிப் போகவே முடியவில்லை. மாடிப்படியின் திருப்பம். பெண் மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறாள். மயில்கழுத்து நிறப் பட்டு, மாலை கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறது, மடியில் வாழை இலைத் துண்டில் ஒரு வடை. அவளுக்கு மேல் படியில் பெரியம்மா ஒருத்தி ஹேர்பின்னை வாயில் கடித்தபடி அவள் சவுரியைச் சரி செய்கிறாள். இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள். பெரியம்மா ஊசி விழாமல் சிரிக்க வேண்டியிருப்பதால் உதடு ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. படியின் அடியில் ஒரு பையன் ஓடியிருக்கிறான், அவன் வெறும் கோடாகக் கலைந்துபோயிருக்கிறான். இடப்பக்கத்து உயர ஜன்னலிலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்குகிறது. கேமராவைப் பார்க்கும் கண் ஒன்றுகூட இல்லை.

இந்தப் படம் அதிர்ஷ்டத்தில் வந்தது என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மயில்கழுத்து என்பது பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் போட்டு நெய்வது. துணி திரும்பத் திரும்ப நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தால் அந்த விளையாட்டு செத்துப்போய் மொத்தமும் ஒரே நிறமாகப் படியும், ஜரிகை மட்டும் வெள்ளையாக வெடிக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுவது படத்தில் நிற்கும். படக்காரர் ஃப்ளாஷை எடுக்கவே இல்லை. ஃப்ளாஷ் இல்லாததால் ஷட்டரை மெதுவாக்க வேண்டியிருந்திருக்கும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம். அதனால்தான் உட்கார்ந்திருப்பவர்கள் தெளிவாகவும் ஓடுகிற பையன் கோடாகவும் விழுந்திருக்கிறார்கள். இன்னொன்று, பெண்ணின் மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் அதிகமாக உள்ள சட்டத்தில் கேமராவின் அளவி ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். அதற்குப் பயந்து சிலர் பிற்பாடு கணினியில் முகத்தைச் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்க வைப்பார்கள். இவர் முகத்தை வைத்தே அளந்திருக்கிறார், சுவர் வெளுத்துப் போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறார். எதை விடுவது என்று தெரிந்த கை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெரியம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. காலையிலிருந்து அவர் அந்த வீட்டிலேயே நடமாடி, காபி வாங்கிக் குடித்து, யாரோ கொடுத்த குழந்தையை ஒரு நிமிஷம் பிடித்து நின்று, ஒரு வீட்டு ஆளாகவே ஆகியிருக்க வேண்டும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், இந்தியாவின் பெரிய வனவிலங்குப் படக் கலைஞர்களில் ஒருவர். அவர் தலைமுறையில் பறவைக் கூட்டைப் படமெடுப்பவர்கள் பக்கத்தில் ஒரு மறைப்புக் கட்டி, பறவைக்கு அது பழகும்வரை காத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் மறைப்புக் கட்ட முடியாது. படக்காரர் தானே மறைப்பாக மாற வேண்டும். அதற்கு ஆகும் நேரம்தான் இந்தத் தொழிலின் பெரிய முதலீடு. லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.

பெங்களூர் வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சீமையைப் பார்த்து எடுக்கிறவர்கள் சறுக்குகிறார்கள். ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகைக் கல்யாணம் என்றால் இணையத்தில் நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் அவர்களுடைய கோடைகாலத்தவை. ஜூன் மாதம் தென் இங்கிலாந்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டும். அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் அந்தி நீடிக்கும். அந்தத் தாழ்ந்த மஞ்சள் வெளிச்சம் சாவகாசமாக இருக்கும், விருந்து நடுவில் ஜோடியை அழைத்துப்போய் எடுத்துவிட்டு வரலாம். பதின்மூன்றாவது பாகையில் இருக்கும் பெங்களூரில் அந்த ஆடம்பரம் கிடையாது. தையில் ஆறேகாலுக்கு, சித்திரையில் ஆறரைக்குச் சூரியன் விழும். அப்புறம் இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் இருட்டு. அந்தச் சின்ன இடைவெளியில் சீமைப் படம் முழுவதையும் எடுத்துவிட வேண்டுமென்று ஜோடியைப் புல்வெளி முழுக்க ஓடவிடுகிறார்கள். ஓடி வந்த முகத்தில் தளர்வு எங்கிருந்து வரும்?

நடுப்பகல் இன்னும் மோசம். ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் பன்னிரண்டே கால், பன்னிரண்டரைக்குள் இந்த ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. சித்திரையும் ஆவணியும் நமக்குக் கல்யாண மாதங்கள். அந்த உச்சி வெயிலில் நிற்கும் முகத்தில் கண்குழியும் மூக்கடியும் கறுத்துப் போகும். ஆனால் பழைய பெங்களூர் வீட்டைக் கட்டியவர்கள் இதே வெயிலுக்கு அஞ்சித்தானே வராந்தாவை அகலமாகப் போட்டார்கள்! உச்சி வெயில் முற்றத்துத் தரையிலும் வாசல் மணலிலும் பட்டுத் திரும்பி, கூரைக்கு அடியில் கீழிருந்து மேலாக முகத்தை நிரப்பும். வெளியே அனல் அடிக்கிற அதே பன்னிரண்டரை மணிக்கு வராந்தாவுக்குள் இரண்டடி தள்ளி உட்கார்ந்த ஒரு பாட்டியின் முகத்தில் விழும் அந்தத் திரும்பிய வெளிச்சத்துக்கு இணையாக எந்த ஸ்டுடியோ விளக்கையும் நான் சொல்ல மாட்டேன். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும், ஒன்றுகூடக் குத்தாது. இந்த ஊர் வீட்டின் அழகு அங்கே இருக்கிறது, கோபுரத்தில் இல்லை.

மரங்களும் அப்படித்தான். தென் அமெரிக்காப் பக்கமிருந்து வந்து நம் ஊராகிவிட்ட தூங்குமூஞ்சி மரம் பெங்களூரின் பழைய தோட்டங்களில் குடை விரித்து நிற்கிறது. அதன் அடியில் பகலில் எடுத்தால் முகத்திலும் வேட்டியிலும் பச்சை ஏறும். தெரிந்தவர்கள் நிழலின் ஓரத்துக்கு ஆட்களை நகர்த்துவார்கள். சாயங்காலம் இலைகளை மடக்கிக்கொண்டபின் கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். மூவாயிரம் அடி உயரத்து ஊர் என்பதால் தை மாதத்து ஐந்து மணிக்குப் பட்டுப் புடவையும் கோட்டும் போட்டுக்கொண்டு வெளியே நிற்க முடிகிறது. சென்னையில் அதே மாதத்தில்கூட நெற்றிப் பொட்டு கரையும். தளர்வான கல்யாணத்துக்கு இந்த ஊர் கொடுக்கும் முதல் சீதனம் இந்தக் குளிர்ச்சிதான். வண்ணக் கண்ணாடியை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். அரண்மனையின் மேல்தளத்து தர்பார் மண்டபத்தில் இருப்பதுபோன்ற கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றால் கன்னத்தில் சிவப்பும் நீலமும் விழுந்து சாயம் கொட்டியதுபோல் ஆகிவிடும்.

வேடிக்கைக்கு வருகிறேன். மேல்நாட்டுக் கல்யாணத்தில் சிரிப்பு என்பது நண்பர்களின் பேச்சு, கேக், நடனம் என்று நிகழ்ச்சி நிரலுக்குள் வருகிறது. பெங்களூரின் ஆங்கிலோ இந்தியர், தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணங்களில் அது அழகாகவே நடக்கிறது. பிரேஸர் டவுன், குக் டவுன் பக்கத்து வரவேற்புகளில் அறுபது வயதுக்காரர்கள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்துக் கல்யாணம் எடுப்பவர்களில் சிலர், நம்மிடம் அப்படி இல்லையே என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் குதிக்கச் சொல்லி, கண்ணாடி மாட்டச் சொல்லி வேடிக்கையைக் கடன் வாங்குகிறார்கள். எனக்கு இது புரிவதே இல்லை. நம் சடங்குக்குள்ளேயே முன்னோர்கள் விளையாட்டைத் தைத்து வைத்திருக்கிறார்களே!

காசி யாத்திரையில் குடையும் தடியும் விசிறியுமாக மாப்பிள்ளை சந்நியாசம் போகக் கிளம்புவார், பெண்ணின் அப்பா போய்க் கெஞ்சுவார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. பங்களாவின் போர்ட்டிகோ அதற்கென்றே கட்டியது மாதிரி அமைகிறது. மாலை மாற்றும்போது மாமன்மார்கள் பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு எட்டாமல் விலகி விலகிப் போவார்கள். நலங்கில் அப்பளத்தைத் தலைக்கு மேல் சுற்றி உடைப்பார்கள், தேங்காய் உருட்டுவார்கள். வேறு குடும்பங்களில் குடத்துத் தண்ணீருக்குள் மோதிரம் தேடும் போட்டி. கன்னட வீட்டில் நடுவில் பிடித்த திரைத்துணி விலகியதும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைப்பார்கள். யார் முந்துவது என்பதில் ஒரு தள்ளுமுள்ளு. இவற்றில் எதற்கும் ஒத்திகை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தாளம் உண்டு. தாளம் தெரிந்தவருக்குப் படம் கிடைக்கும். மாலை மாற்றலில் எல்லாக் கேமராவும் மேலே பெண்ணின் முகத்தைத் துரத்தும். நான் ரசிக்கும் படக்காரர்கள் இரண்டடி பின்வாங்கி, அகலமான லென்ஸில், பாரம் சுமக்கும் மாமாவையும் சேர்த்து எடுப்பார்கள். ஐம்பத்தைந்து வயது, இடுப்புப் பிடிப்பு, முகம் சிவந்து பல்லைக் கடித்திருப்பார். இருந்தாலும் தோற்க மாட்டார். அந்தக் கல்யாணத்தின் பாசம் அத்தனையும் அந்தக் கழுத்து நரம்பில் இருக்கிறது.

கெட்டிமேளத்தின்போதும் இதையே பார்க்கலாம். ஐந்தாறு கேமரா மூன்று முடிச்சின் மேல் குவிந்து கிடக்கும். முடிச்சு எல்லாக் கல்யாணத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அட்சதை கையோடு எட்டிப் பார்க்கும் முகங்கள் எந்த இரண்டு கல்யாணத்திலும் ஒன்றாக இருக்காது. 1937-இல் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவை எடுக்க ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை லண்டனுக்கு அனுப்பிய ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், அரசரைப் படமே எடுக்காமல் தெருவோரத்துக் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார். ஊர்வலத்தைப் பார்க்கத் தவிக்கும் அந்த முகங்கள் இன்றும் பேசுகின்றன. ஒரு கல்யாணத்தில் முடிச்சை விட்டுவிட்டு வந்தால் அடுத்த வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். இருவராக வேலை செய்பவர்களில் ஒருவராவது முதுகைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

குறையோடு வரும் படத்துக்கு உள்ள மதிப்பையும் பழைய கதை ஒன்று காட்டுகிறது. விக்டோரியா மகாராணியின் கல்யாணம் 1840-இல் நடந்தது, அதற்குப் படம் இல்லை. கல்யாணப் படம் என்று பலரும் நினைத்துக்கொள்வது 1854-இல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. ஆனால் மகாராணியின் மூத்த மகளின் கல்யாணத்தன்று, 1858 ஜனவரி 25 காலையில், அம்மா அப்பா மகள் மூவரையும் டாகுரோடைப் தகட்டில் எடுத்தார்கள். மகள் தெளிவாக விழுந்திருக்கிறாள். மகாராணி கலங்கலாக இருக்கிறார். நடுக்கத்தில் தன்னால் அசையாமல் இருக்க முடியவில்லை என்று அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்தத் தொழில்நுட்பத்தின் கணக்கில் அது கெட்டுப்போன படம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற ஒரு தாயின் படம் என்ற கணக்கில் அதைவிட உண்மையானது எனக்குத் தெரியாது. அசைவு கலைத்த படங்களை இன்றைய படக்காரர்கள் அன்றிரவே அழித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் அழிக்க அதிகம் இருக்கவில்லை. யாஷிகா கேமராவில் 120 ஃபிலிம் சுருள் ஒன்றுக்குப் பன்னிரண்டு படம். முகூர்த்தத்துக்கு ஒன்று, சம்பந்தி குடும்பத்துக்கு ஒன்று என்று எண்ணி எண்ணி எடுத்தார்கள். இப்போது ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் சேர்கிறது. எண்ணிக்கை கூடியதால் தளர்வு கூடிவிடவில்லை, வடிகட்டும் வேலைதான் கூடியிருக்கிறது. கேமராக்கள் ஓசையின்றிச் சுடுவது நிஜமான வரம். மந்திரம் சொல்கிற நேரத்தில் சடசடவென்று சத்தம் கேட்காது. அதிலும் ஒரு பொறி உண்டு. சென்சார் வரிவரியாகப் படிப்பதால், துடிக்கும் எல்.ஈ.டி. விளக்கின் கீழே ஓசையற்ற ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மாலை வரவேற்பு விளக்குகளுக்கு அடியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே போவது புத்திசாலித்தனம்.

பெங்களூர்க்காரரான மகேஷ் சாந்தாராமை இங்கே சொல்லாமல் போக முடியாது. கல்யாணப் படக்காரராகத் தொழில் செய்துகொண்டே, அந்தக் கல்யாணங்களின் அலங்கார மிகையையும், இரவு விளக்கில் தனித்து நிற்கும் பந்தல்களையும் சோர்ந்த முகங்களையும் தனியாக எடுத்து ‘மேட்ரிமேனியா’ என்ற தொகுப்பை உருவாக்கினார். வாடிக்கையாளர் சுவரில் மாட்ட விரும்பாத படங்கள். கொண்டாட்டத்துக்கு நடுவே ஒருவர் தனியாக நின்று மூச்சு விடுவதும் கல்யாணத்தின் பகுதிதான் என்று அவை காட்டுகின்றன. சிரிப்பை மட்டுமே துரத்தும் ஆல்பங்கள் எனக்குச் சலிப்பதற்குக் காரணம் அதுவே. எல்லாப் பக்கத்திலும் பல் தெரிந்தால் எந்தச் சிரிப்பும் நினைவில் நிற்பதில்லை.

இவ்வளவு சொன்னதால் நிறுத்தி வைத்து எடுக்கும் படத்தை நான் மட்டம் தட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். கேண்டிட் என்று பெயர் வைத்துக்கொண்டு குடும்பப் படத்தை அலட்சியப்படுத்தும் இளைஞர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. முப்பது வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் முதலில் தேடுவது யார் யார் வந்திருந்தார்கள் என்பதைத்தான். பங்களாவின் வாசல் படிகள் அதற்கு வாகான இடம். அறுபது பேரை நிறுத்தலாம், யார் தலையும் மறையாது. பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி, குழந்தைகள் தரையில், வாலிபர்கள் மேல்படியில். திறமை எங்கே தெரியும் என்றால், ‘போதும், முடிந்தது’ என்று சொன்ன பிறகு. அந்த வார்த்தையைக் கேட்டதும் அறுபது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விடுவார்கள். சித்தப்பா மச்சினனின் தலையில் தட்டுவார், பாட்டி பேத்தியின் கையைத் தேடுவாள், மாப்பிள்ளை முதல் தடவையாக மனைவியை நேராகத் திரும்பிப் பார்ப்பான். கேமராவைக் கீழே இறக்காமல் அந்த இரண்டு நொடியையும் எடுப்பவர் என் கணக்கில் பெரிய கலைஞர். ஒழுங்கான படமும் தளர்ந்த படமும் பக்கம் பக்கமாக வைத்த ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்கு அந்த உயிர் வந்திருக்காது.

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகி, இப்படி ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி நிரல் போடும்போது முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் மாலை வரவேற்புக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு எதையும் எழுதாமல் விடுங்கள். போட்டோ ஷூட் என்றுகூட எழுத வேண்டாம். படக்காரர் குழுவுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுங்கள். பட்ஜெட்டில் ட்ரோனுக்கு ஒதுக்கிய தொகையைக் குறைத்து, அவர் முதல் நாளே வந்து வீட்டைப் பார்ப்பதற்குக் கொடுங்கள். அவர் கையில் ஒரு சின்னப் பட்டியலும் கொடுங்கள்: எண்பது தாண்டியவர்கள் யார் யார், ரொம்ப வருஷம் கழித்துச் சந்திக்கப்போகும் அக்கா தங்கைகள் யார், வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற அந்த ஒரு மாமா யார். கோபுரத்தை எந்த நாளும் எடுத்துக்கொள்ளலாம், அது 1878-லிருந்து அங்கேயேதான் நிற்கிறது.